பெட்டியிலிருந்து எடுத்த பழைய சோல் தட்டுகள்: ஒரு தொகுப்பு (மெம்பிஸ், மசில் ஷோல்ஸ், நியூ ஆர்லியன்ஸ், 1961–1973)

ஊசிமுனை:

வணக்கம். என்னிடம் இருக்கும் சோல் (தேவாலயப் பாட்டிலிருந்து கிளைத்த அமெரிக்கக் கறுப்பின இசை) 45 தட்டுகளில் (பக்கத்துக்கு ஒரு பாட்டு கொண்ட சிறிய இசைத்தட்டு) பதினொன்றை எடுத்து ஒரு தொகுப்பாகக் கோர்த்திருக்கிறேன். அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஓடும். எல்லாம் அமெரிக்கத் தெற்கின் பாட்டுகள். அட்லாண்டாவில் வேலை பார்த்த காலத்தில் ஜார்ஜியா, அலபாமா பக்கத்துப் பழைய சாமான் சந்தைகளிலும் சின்ன இசைத்தட்டுக் கடைகளிலும் சேர்த்தவை. அத்தனையும் மோனோ, அதாவது ஒற்றைச் சேனல் ஒலி. சில தட்டுகளில் கரகரப்பு இருக்கிறது.

ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தேன். 45 தட்டின் லேபிளைப் பார்த்தால் பாடியவர், எழுதியவர், பதிப்பகம், தயாரிப்பாளர் பெயர் இருக்கும். டிரம்ஸ் அடித்தது யார், ஆர்கன் வாசித்தது யார் என்று இருக்காது. பழைய பாட்டைப் பகிர்கிறவன் அந்தப் பெயர்களையும் சேர்த்துப் பகிர வேண்டும் என்பது என் எண்ணம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதல் தட்டு வில்லியம் பெல், 'யூ டோன்ட் மிஸ் யுவர் வாட்டர்'. 1961, மெம்பிஸின் ஸ்டாக்ஸ் கம்பெனி. கிணறு வற்றிய பிறகுதான் தண்ணீரின் அருமை தெரியும் என்கிற சங்கதி. எழுதியதும் அவரே. முதலில் இது வெளிவந்தது பின்பக்கப் பாட்டாக.

அடுத்து ஆர்தர் அலெக்சாண்டர், 'யூ பெட்டர் மூவ் ஆன்'. அலபாமாவின் மசில் ஷோல்ஸ் ஊரில் ரிக் ஹால் தயாரித்தது. இந்தத் தட்டில் வந்த பணத்தை வைத்துத்தான் ஹால் தன் ஃபேம் ஸ்டுடியோவுக்குப் புதுக் கட்டடம் எழுப்பினார். அலெக்சாண்டரின் பாட்டுகளை பீட்டில்ஸ் பாடினார்கள், ரோலிங் ஸ்டோன்ஸ் பாடினார்கள். அவரோ பிற்காலத்தில் கிளீவ்லாந்தில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். 1993ல் திரும்பி வந்து ஒரு ஆல்பம் போட்டார். அதே ஆண்டு இறந்துபோனார்.

மூன்றாவது பார்பரா லின், 'யூ'ல் லூஸ் எ குட் திங்', 1962. டெக்சாஸின் போமான்ட் ஊர்க்காரர், இடது கையால் கிட்டார் வாசிப்பவர். இருபது வயதில் தானே எழுதி, நியூ ஆர்லியன்ஸில் கோசிமோ மட்டாசாவின் ஸ்டுடியோவில் பாடினார். ஆர் அண்ட் பி (கறுப்பின இசை) பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. அந்தக் காலத்தில் ஒரு கறுப்பினப் பெண் கையில் மின்கிட்டாரோடு, தன் பாட்டைத் தானே எழுதிப் பாடுவது எவ்வளவு அரிது என்று யோசித்துவிட்டுக் கேளுங்கள்.

அப்புறம் இர்மா தாமஸ், 'இட்ஸ் ரெய்னிங்', அதே ஆண்டு, அதே ஊர். லேபிளில் எழுதியவர் பெயர் நவோமி நெவில் என்று இருக்கும். உண்மையில் எழுதியது ஆலன் டூசாண்ட். நவோமி நெவில் அவருடைய அம்மாவின் பெயர்.

ஓடிஸ் ரெடிங், 'ஐ'வ் பீன் லவ்விங் யூ டூ லாங்', 1965. ஜெரி பட்லரோடு சேர்ந்து எழுதியது. ஆல்பத்தின் ஸ்டீரியோ பதிப்பில் இருப்பது அதே ஆண்டு மறுபடி பாடிய வேறொரு பதிவு. சிங்கிளாக வந்த மோனோ பதிவுதான் இங்கே. ரெண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் வித்தியாசம் தெரியும். எனக்குச் சிங்கிள்தான் நெஞ்சுக்கு நெருக்கம்.

பிறகு மேபிள் ஜான், 'யுவர் குட் திங்', 1966, எழுதியவர்கள் ஐசக் ஹேஸ், டேவிட் போர்ட்டர். அதற்குப் பின் ஜேம்ஸ் கார், 'தி டார்க் எண்ட் ஆஃப் தி ஸ்ட்ரீட்', கோல்ட்வாக்ஸ் கம்பெனி. அதை ஒட்டியே அரேதா ஃபிராங்க்ளின், 'டூ ரைட் வுமன்', 1967. இந்த ரெண்டையும் எழுதியது டான் பென், சிப்ஸ் மோமன் ஜோடி. வேண்டுமென்றே பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கார் பாடுவது பிடிபட்டுவிடுவோமோ என்ற பயத்தோடு இருட்டில் சந்திக்கிறவர்களின் பாட்டு. அரேதா பாடுவது, முழு மரியாதை கொடுத்தால்தான் முழு அன்பு கிடைக்கும் என்று நேருக்கு நேர் சொல்லும் பாட்டு. ஒரே கைகள் எழுதியவை.

எட்டா ஜேம்ஸ், 'ஐ'ட் ராதர் கோ பிளைண்ட்', 1967. இதுவும் பின்பக்கப் பாட்டு, ஃபேமில் பதிவானது. லேபிளில் எல்லிங்டன் ஜோர்டன், பில்லி ஃபாஸ்டர் என்ற பெயர்கள் உண்டு. சிறையில் இருந்த ஜோர்டன் தொடங்கி வைத்த பாட்டை முடித்தது தான்தான் என்றும், வரிப் பிரச்சினையால் தன் பங்கை ஃபாஸ்டர் பெயருக்கு எழுதிக் கொடுத்ததாகவும் எட்டா தன் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார்.

கடைசி ரெண்டும் வில்லி மிட்செல் தயாரிப்பு, மெம்பிஸ் ராயல் ஸ்டுடியோ: ஓ.வி. ரைட்டின் 'எ நிக்கல் அண்ட் எ நெய்ல்' (1971), ஆன் பீபிள்ஸின் 'ஐ கான்ட் ஸ்டாண்ட் தி ரெய்ன்' (1973). பீபிள்ஸ் பாட்டின் தொடக்கத்தில் சொட்டுச் சொட்டாக விழுவது மின் டிம்பாலிஸ் என்ற கருவியின் சத்தம்.

கேட்டுவிட்டு எழுதுங்கள்.

நெய்தல்நிலா:

அண்ணா, நேற்று இரவு ஹெட்போனில் கேட்டேன். இந்தப் பெயர்களில் எனக்கு முன்பே தெரிந்தது அரேதாவும் ஓடிஸும் மட்டும்தான். ஓடிஸிலும் கடைசியில் சீழ்க்கை அடிக்கிற அந்தத் துறைமுகப் பாட்டு மட்டும்தான். ஜேம்ஸ் கார் பாட்டை மூன்று முறை திருப்பிப் போட்டேன். ரெண்டரை நிமிடத்துக்குள் ஒரு நாவலே முடிந்துவிடுகிற மாதிரி இருக்கிறது.

ஒரு சந்தேகம். ஸ்டாக்ஸ் வாத்தியக்காரர்களின் பழைய புகைப்படங்களைத் தேடிப் பார்த்தேன். ரெண்டு பேர் வெள்ளையர், ரெண்டு பேர் கறுப்பர். அறுபதுகளின் மெம்பிஸில் இது எப்படி நடந்தது?

தட்டுவைத்தியர்:

அருமையான தேர்வு. ஆனால் சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மேபிள் ஜான் தட்டிலும் பார்பரா லின் தட்டிலும் பொரிகிற சத்தம் நிறைய. இப்போது நல்ல மென்பொருள்கள் இருக்கின்றன. ஒரு சுற்று ஓட்டினால் முக்கால்வாசி போய்விடும். பகிரும் முன் அதைச் செய்திருக்கலாம் என்பது என் கருத்து. புதிதாகக் கேட்க வருகிறவர் கரகரப்பைக் கேட்டே ஓடிவிடுவார்.

அப்புறம், எந்த ஊசி பயன்படுத்துகிறீர்கள்? தட்டுகளின் பிளாஸ்டிக் வினைலா, ஸ்டைரீனா?

ஊசிமுனை:

தட்டுவைத்தியர் சார், முதலில் உங்களுக்கு. பெரிய வெடிப்புகளை அலைவடிவத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கையால் எடுத்துவிட்டேன். தானாக ஓடும் நீக்கியை ஓட்டிப் பார்த்தேன், பிடிக்கவில்லை. டிரம் குச்சி விளிம்பில் படுகிற சத்தத்தையும், டிரம்பெட் எழும்புகிற முதல் நொடியையும் அது கீறல் என்று நினைத்து மழுக்கிவிடுகிறது. ஸ்டாக்ஸ் டிரம்மர் அல் ஜாக்சன் ஸ்நேர் டிரம்மை அடிக்கும் அந்த நொடிக்காகத்தான் நான் இந்தத் தட்டுகளையே தேடி வாங்கினேன். அதை இழக்க மனம் வரவில்லை.

ஊசி கூம்பு வடிவம்தான். ஐந்து தட்டுகள் ஸ்டைரீன் என்பதால் மெல்லிய நீள்வட்ட ஊசியை நான் தொடவிடுவதே இல்லை. பதிவு செய்யும்போது இரண்டு சேனலையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். மோனோ தட்டில் பாட்டு ஊசியின் பக்கவாட்டு அசைவில் மட்டும் இருக்கிறது. சேனல்களைச் சேர்த்தால் மேல்கீழ் அசைவில் வரும் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பாதிக் கரகரப்பு அதிலேயே அடங்கியது.

நிலா, உங்கள் கேள்விக்கு நிதானமாகப் பதில் எழுத வேண்டும். இரவு வருகிறேன்.

தட்டுவைத்தியர்:

சேனல் சேர்ப்பது சரி. நீக்கி விஷயத்தில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை, ஆனால் உங்கள் காரணம் புரிகிறது.

மற்றவர்களுக்காக ஒரு குறிப்பு. பழைய அமெரிக்க 45 வாங்குகிறவர்கள் வினைலையும் ஸ்டைரீனையும் பிரித்தறியப் பழகுங்கள். ஸ்டைரீன் தட்டு வளையாமல் விறைப்பாக இருக்கும், விரல் நகத்தால் தட்டினால் கூர்மையான சத்தம் வரும், லேபிள் பெரும்பாலும் மேலே ஒட்டிய காகிதமாக இருக்கும். அது அச்சில் ஊற்றி வார்ப்பது, வினைல் போல அழுத்தி எடுப்பது அல்ல. மலிவாகவும் வேகமாகவும் செய்யலாம் என்பதால் பல ஆலைகள் அதைப் பயன்படுத்தின. ஆனால் தேய்மானம் அதிகம். வானொலி நிலையத்தில் இருந்து வந்த தட்டு என்றால் பாட்டின் தொடக்கத்தை நன்றாகக் கவனியுங்கள். அறிவிப்பாளர்கள் தட்டை முன்னும் பின்னும் அசைத்து இடம் பிடிப்பதால் முதல் சில நொடிகள் மட்டும் இரைந்துபோயிருக்கும். ஸ்டைரீனை ஆல்கஹால் கலந்த எதனாலும் துடைக்காதீர்கள்.

ஊசிமுனை:

நிலா, இப்போது மெம்பிஸ்.

ஸ்டாக்ஸ் இருந்தது கிழக்கு மெக்லெமோர் அவென்யூவில், கேபிடல் என்ற பழைய சினிமா தியேட்டரில். நடத்தியவர்கள் ஜிம் ஸ்டூவர்ட்டும் அவருடைய அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டனும், இருவரும் வெள்ளையர். ரெண்டு குடும்பப் பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்ததுதான் ஸ்டாக்ஸ். நாற்காலிகளைக் கழற்றினார்களே தவிர தியேட்டரின் சரிவான தரையை அப்படியே விட்டுவிட்டார்கள். அந்த அறையின் முழக்கத்துக்கு அதுவும் ஒரு காரணம். முன்பக்கம் தின்பண்டம் விற்ற இடத்தில் எஸ்டெல் இசைத்தட்டுக் கடை வைத்தார். சுற்றிலும் கறுப்பின மக்கள் வாழும் பகுதியாக மாறிக்கொண்டிருந்த நேரம். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் தட்டு வாங்க வந்து, அப்படியே உள்ளே போய் வாசிக்க ஆரம்பித்தார்கள். புக்கர் டி. ஜோன்ஸ் அப்படி வந்தவர். 1962ல் 'கிரீன் ஆனியன்ஸ்' என்ற வாத்திய இசைத் தட்டு பதிவானபோது அவருக்கு 17 வயது.

நீங்கள் படத்தில் பார்த்த நால்வர் புக்கர் டி. (ஆர்கன்), ஸ்டீவ் கிராப்பர் (கிட்டார்), டொனால்ட் 'டக்' டன் (பாஸ்), அல் ஜாக்சன் ஜூனியர் (டிரம்ஸ்). முதலில் பாஸ் வாசித்தவர் லூயி ஸ்டைன்பெர்க். ஓடிஸ், மேபிள் ஜான், எட்டி ஃபிளாய்ட் என்று யார் வந்து பாடினாலும் பின்னால் இருந்தது பெரும்பாலும் இவர்கள்தான்.

வெளியே நகரம் பிரிந்து கிடந்தது. கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாகத் தங்கவோ உட்கார்ந்து சாப்பிடவோ முடிகிற இடங்கள் அபூர்வம். லொரேன் மோட்டல் அப்படிப்பட்ட இடம். ஸ்டாக்ஸ்காரர்கள் அங்கேதான் கூடுவார்கள். கிராப்பரும் வில்சன் பிக்கெட்டும் 'இன் தி மிட்நைட் ஹவர்' எழுதியது அங்கே. கிராப்பரும் எட்டி ஃபிளாய்டும் 'நாக் ஆன் வுட்' எழுதியதும் அங்கே. துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாக வந்திருந்த மார்ட்டின் லூதர் கிங்கை 1968 ஏப்ரல் 4 அன்று சுட்டுக் கொன்றது அதே லொரேன் மோட்டலின் மாடத்தில். இப்போது அது குடிமை உரிமை அருங்காட்சியகம்.

அந்தச் சில மாதங்கள் ஸ்டாக்ஸுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 1967 டிசம்பர் 10 அன்று ஓடிஸ் போன விமானம் விஸ்கான்சினில் மொனோனா ஏரியில் விழுந்தது. அவரும் பார்-கேஸ் வாத்தியக்குழு இளைஞர்கள் நான்கு பேரும் இறந்துபோனார்கள். நீங்கள் சொன்ன துறைமுகப் பாட்டு ('தி டாக் ஆஃப் தி பே') அதற்குச் சில நாள் முன்புதான் பதிவானது. நண்பன் செத்த துக்கத்தோடு கிராப்பர் உட்கார்ந்து அதில் அலைச் சத்தத்தையும் கடற்பறவைச் சத்தத்தையும் சேர்த்து முடித்தார். அது அமெரிக்காவில் முதலிடம் வந்தது. பாடியவர் இறந்த பிறகு அங்கே முதலிடம் பிடித்த முதல் பாட்டு அது. பிறகு கிங் கொலை. அதே ஆண்டில், விநியோகம் செய்த அட்லாண்டிக் கம்பெனி கைமாறியதைத் தொடர்ந்து, தாங்கள் பதிவு செய்த ஒலிநாடாக்களின் உரிமை ஒப்பந்தப்படி அட்லாண்டிக்கிடம் இருப்பது ஸ்டாக்ஸுக்குத் தெரிந்தது. ஓடிஸின் மொத்தப் பாட்டும் கையை விட்டுப் போனது. மறுபடி எழுந்து நின்றார்கள், எழுபதுகளின் தொடக்கத்தில் நன்றாகவே ஓடியது, ஆனால் 1975ல் கம்பெனி திவாலானது. தியேட்டரை 1989ல் இடித்துவிட்டார்கள். அதே இடத்தில் 2003ல் அருங்காட்சியகம் கட்டினார்கள்.

நெய்தல்நிலா:

அண்ணா, வாசித்து முடித்துவிட்டு மறுபடி தொகுப்பைப் போட்டேன். மேபிள் ஜான் பாட்டில் ஒவ்வொரு வாத்தியமும் பின்வாங்கி நின்று அவருக்கு இடம் விடுவது இப்போதுதான் காதில் விழுகிறது. யார் வாசிக்கிறார்கள் என்று தெரிந்ததும் கேட்கிற விதமே மாறிவிட்டது.

வடக்குவாசி:

நல்ல தொகுப்பு, அண்ணை. நான் இங்கிலாந்தில் போல்டன் பக்கம். இந்தப் பகுதியில் சோல் என்றால் வேகமான பாட்டுதான். டெட்ராய்டிலும் சிகாகோவிலும் வந்து, அங்கே யாரும் சீண்டாமல் போன தட்டுகளை இங்கே இரவு முழுக்க ஆடித் தீர்த்தார்கள். நார்தர்ன் சோல் என்ற பெயரை வைத்தவர் டேவ் கோடின் என்ற பத்திரிகையாளர். லண்டனில் அவர் வைத்திருந்த தட்டுக் கடைக்கு வடக்கிலிருந்து வருகிற கால்பந்து ரசிகர்கள் எந்த மாதிரிப் பாட்டைக் கேட்கிறார்களோ அதற்கு வைத்த பெயர் அது. விகன் ஊரில் விகன் கசினோ என்ற நடன அரங்கு 1973லிருந்து 1981 வரை நடந்தது. அங்கே ஆடிய மூத்தவர்கள் இன்றும் மாதாந்த நடன இரவுகளுக்கு வருகிறார்கள்.

உங்கள் பெயர் விஷயத்துக்கு ஒரு மறுபக்கம் சொல்லவேண்டும். இங்கே டிஜேக்கள் லேபிளின் மேல் காகிதம் ஒட்டி, பாடகருக்கு வேறு பெயர் சொல்லிப் போடுவார்கள். போட்டிக்காரர் அதே தட்டைத் தேடிப் பிடிக்கக்கூடாது என்பதற்காக. ஃபிராங்க் வில்சனின் 'டூ ஐ லவ் யூ' விகனில் எடி ஃபாஸ்டர் என்ற பெயரில்தான் ஓடியது. 1965ல் டெட்ராய்டின் மோட்டவுன் கம்பெனி அச்சிட்டு, வெளியிடாமலே அழித்த தட்டு. தப்பியது ஒரு சில பிரதிகள். ஒன்று 2009ல் 25,742 பவுண்டுக்குப் போனது. 2020ல் ஒரு லட்சம் பவுண்டைத் தொட்டது.

மறைப்பது தவறு என்று பலர் சொல்வார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. அந்தப் போட்டி இருந்ததால்தான் ஆட்கள் அமெரிக்கக் கிடங்குகளில் போய் மாதக்கணக்கில் கிளறினார்கள். இல்லாவிட்டால் அந்தத் தட்டுகள் குப்பைக்குப் போயிருக்கும்.

ஊசிமுனை:

வடக்குவாசி, கிளறியவர்களின் உழைப்புக்கு என் மரியாதை எப்போதும் உண்டு. குளோரியா ஜோன்ஸின் 'டெயின்டட் லவ்' 1965ல் யாரும் கவனிக்காத பின்பக்கப் பாட்டு. அதை உங்கள் பகுதி ஆட்கள் தூக்கி ஆடியிருக்காவிட்டால் 1981ல் சாஃப்ட் செல் அதைப் பாடி உலகத்துக்கே தெரியவைத்திருக்க மாட்டார்கள்.

ஆனால் காகிதம் ஒட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆர்தர் அலெக்சாண்டர் மாதிரி மனிதர்களுக்குப் பணம் போய்ச் சேரவில்லை. மிஞ்சியது லேபிளில் இருந்த பெயர் ஒன்றுதான். நடனத்தளத்தில் ஆயிரம் பேர் தன் குரலுக்கு ஆடும்போது அந்த ஆயிரம் பேரும் வேறொருவர் பெயரைச் சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

வடக்குவாசி:

அந்த வருத்தம் நியாயமானது. ஆனால் பின்னாளில் அந்தப் பாடகர்கள் பலரைத் தேடிக் கண்டுபிடித்து, விமானச் சீட்டு போட்டு இங்கே அழைத்து மேடையேற்றியவர்களும் இதே ரசிகர்கள்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபிராங்க் வில்சனும் இங்கே வந்து பாடினார்.

பாஸ்கம்பி:

மோட்டவுன் பெயர் வந்ததால் கேட்கிறேன். தொகுப்பில் டெட்ராய்டே இல்லையே? நான் பாஸ் கிட்டார் வாசிக்கிறவன். எனக்கு சோல் என்றால் ஜேம்ஸ் ஜேமர்சன். வலது கையின் ஒரே விரலால் வாசித்தார், அந்த விரலுக்குக் கொக்கி என்றே பெயர். அறுபதுகள் முழுக்க மோட்டவுனின் எத்தனையோ வெற்றிப் பாட்டுகளுக்குக் கீழே ஓடுவது அவருடைய பாஸ். ஆனால் ஆல்பம் உறையில் ஃபங்க் பிரதர்ஸ் என்ற மோட்டவுன் வாத்தியக்காரர்களின் பெயர்கள் அச்சானது 1971ல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பத்தில்தான். பெயர் சொல்லாததற்கு இதைவிடப் பெரிய உதாரணம் கிடைக்காது.

ஊசிமுனை:

நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. டெட்ராய்டை விட்டதற்குக் காரணம் அது குறைவு என்பதல்ல. இந்தத் தொகுப்பில் ஓடுகிற மெதுவான, தேவாலய வாசம் வீசுகிற ஓட்டத்துக்குள் அந்தப் பளபளப்பு ஒட்டவில்லை. இரண்டு பாட்டை வைத்துப் பார்த்து எடுத்துவிட்டேன். அதற்குத் தனித் தொகுப்பு வேண்டும். நீங்களே செய்தால் இன்னும் நன்றாக இருக்கும், பாஸ் எங்கே என்ன செய்கிறது என்று எழுதிப் போடுங்கள்.

மசில் ஷோல்ஸிலும் இதே கதைதான். அரேதா 1967 ஜனவரியில் ஃபேமுக்கு வந்தபோது முதல் பாட்டில் எல்லோரும் வழி தெரியாமல் நின்றிருந்த நேரம், ஸ்பூனர் ஓல்டம் வுர்லிட்சர் மின்பியானோவில் ஒரு வரியை வாசித்தார். பாட்டு அதிலிருந்து எழுந்தது. அந்த இரவே சண்டை வந்து பதிவு நின்றுபோனது. தொகுப்பில் இருக்கும் 'டூ ரைட் வுமன்' அங்கே பாதியில் நின்ற பாட்டு. நியூயார்க்கில் அரேதாவே பியானோவும் ஆர்கனும் வாசித்து, தங்கையோடும் அக்காவோடும் பின்னணி பாடி முடித்தார். தட்டில் அவர் பெயர் பாடகர் என்று மட்டும் இருக்கும்.

கரிசல்மணி:

தொகுப்பு பிரமாதம். வண்டியில் போகும்போது கேட்க எம்பி3யாகத் தரமுடியுமா? பாடியவர்களில் பாதிப் பேர் இறந்தே விட்டார்கள், அறுபது வருடத்துக்கு முந்தைய பாட்டு. இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

ஊசிமுனை:

மணி, கோபித்துக்கொள்ள வேண்டாம், கோப்பாகத் தர மாட்டேன். உரிமைத்தொகை கட்டுகிற தளத்தில் ஏற்றியிருப்பது அதற்காகத்தான். பாட்டு பழையது என்பதால் உரிமை போய்விடவில்லை. அமெரிக்காவில் 1972 பிப்ரவரி 15க்கு முந்தைய ஒலிப்பதிவுகள் நெடுங்காலம் நாட்டுச் சட்டத்துக்கு வெளியே, மாநிலச் சட்டங்களில் மட்டும் கிடந்தன. 2018ல் வந்த சட்டம்தான் அவற்றை உள்ளே கொண்டுவந்து, இணையத்தில் ஓடினால் பாடியவருக்கும் பங்கு என்று ஆக்கியது. சாதாரண வானொலியில் இன்றும் அங்கே பாடகருக்குக் காசு இல்லை, எழுதியவருக்கு மட்டும்தான். 'ரெஸ்பெக்ட்' பாட்டை அரேதா உலகறியச் செய்தார். அமெரிக்க வானொலியில் அது ஓடிய ஒவ்வொரு முறையும் பணம் போனது அதை எழுதிய ஓடிஸ் பக்கத்துக்கு.

இறந்தவர்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பிடித்த பாட்டை மறுவெளியீட்டில் வாங்கிக்கொள்ளுங்கள். எது எந்தத் தட்டில் கிடைக்கும் என்று நான் எழுதித் தருகிறேன்.

கரிசல்மணி:

கோபமே இல்லை. வானொலி விஷயம் எனக்குப் புதுச் செய்தி. ஓ.வி. ரைட்டும் ஆன் பீபிள்ஸும் எங்கே கிடைப்பார்கள் என்று மட்டும் சொல்லுங்கள், வாங்கிக்கொள்கிறேன். அந்த ராயல் ஸ்டுடியோ வாத்தியக்காரர்கள் யார்?

ஊசிமுனை:

ஹாட்ஜஸ் சகோதரர்கள் மூவர்: டீனி கிட்டார், சார்ல்ஸ் ஆர்கன், லெராய் பாஸ். டிரம்ஸில் ஹோவர்ட் கிரைம்ஸ். அல் கிரீன் பாட்டுகளில் கேட்பதும் இதே கைகளைத்தான். ராயலும் பழைய சினிமா தியேட்டர், அங்கேயும் சரிவான தரை. வாங்கும் விவரம் தனிச்செய்தியில் அனுப்பிவிட்டேன்.

நெய்தல்நிலா:

சாம் குக் ஏன் இல்லை, அண்ணா? 'எ சேஞ்ச் இஸ் கோனா கம்' உங்களிடம் 45 ஆக இருக்குமே.

ஊசிமுனை:

இருக்கிறது. 1964 டிசம்பரில், அவர் சுட்டுக் கொல்லப்பட்டு சில நாளில் 'ஷேக்' பாட்டின் பின்பக்கமாக வந்த தட்டு. தெற்கில் பதிவானது அல்ல என்பதால் இந்தத் தொகுப்பில் வைக்கவில்லை. இன்னொரு காரணமும் உண்டு. 45ல் ஒரு சரணத்தையே வெட்டிவிட்டார்கள். நகரத்துக்குள் சினிமாவுக்குப் போனால், இங்கே சுற்றாதே என்று விரட்டுகிறார்கள் என்று அவர் பாடுகிற சரணம். நிறப்பாகுபாட்டை நேரடியாகச் சொல்கிற இடம் அதுதான். வானொலிக்குப் போகிற தட்டில் அது இல்லை, அதே ஆண்டுத் தொடக்கத்தில் வந்த ஆல்பத்தில் இருக்கிறது. சிங்கிள்தான் நெஞ்சுக்கு நெருக்கம் என்று மேலே எழுதினேனே, இந்த ஒரு பாட்டுக்கு எனக்கு எல்பிதான் (ஆல்பம் வரும் பெரிய தட்டு). அடுத்த தொகுப்பு சிகாகோவும் லாஸ் ஏஞ்சல்ஸும். அதில் முழு வடிவத்தை எல்பியிலிருந்தே எடுத்துப் போடுகிறேன். கர்டிஸ் மேஃபீல்டின் இம்ப்ரெஷன்ஸ் தட்டுகளைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன். பாடகர் மேஜர் லான்ஸின் தட்டு நல்ல பிரதியாக யாரிடமாவது இருந்தால், வடக்குவாசி உங்களிடம் இருக்கும் என்று நினைக்கிறேன், பதிவு செய்து அனுப்புங்கள். உங்கள் பெயரோடு சேர்க்கிறேன்.

வடக்குவாசி:

இருக்கிறது, ரெண்டு. வார இறுதியில் பதிந்து அனுப்புகிறேன். மோனோவில்தான்.